வராத முக்கோணம்

சட்டக்காரம்மாவுக்குக் கோபம் வர ஏதாவது காரணம் வேண்டும் என்று நினைப்பவர்கள் அவளைப் பற்றித் தெரியாதவர்கள். பசை காயாவிட்டால் கோபம், சீக்கிரம் காய்ந்துவிட்டால் அதற்கும் கோபம். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை அவளுடையது. இருபத்திரண்டு வருஷமாக மரத்தை அறுத்து மூலை சேர்க்கிறாள். அவள் சேர்த்த மூலையில் ஒரு தாள் நுழையாது. அந்தப் பெருமை இருக்கிறதே, அது அவள் கோபத்தைவிடப் பெரிசு.

அன்று வியாழக்கிழமை சாயங்காலம். பதினெட்டு சட்டம் பாக்கி. ஒரு கம்பெனிக்காரன் காலையிலிருந்து நாலு தடவை போன் பண்ணி "ஆச்சாம்மா, ஆச்சாம்மா" என்று உயிரை எடுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்த அவள் இளைய மகள் சின்னவ, அறுக்கிற மேஜைமேல் கணக்கு நோட்டை விரித்தாள்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பாரு."

"கண்ணு தெரியலையா உனக்கு? வேலையா இருக்கேன்ல?"

"நாளைக்குக் கொண்டு போகலைன்னா என் பேரு போகாதும்மா."

அம்மாவின் கையில் ரம்பம் நின்றது. அடுத்த வருஷம் கணக்குப் பிரிவில் சேருவதற்கான பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிகிறது. வகுப்பில் ஆறு பேருக்குத்தான் இடம். சின்னவளுக்கு மூன்று வயசிலிருந்து எண் பைத்தியம். கடைக்கு வருகிறவர்களின் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணுவாள். அந்தப் பிரிவு கிடைக்காவிட்டால் அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். பட்டியல் எழுதுகிறவர் கணக்கு சார்.

நோட்டில் கேள்வி இருந்தது. ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம் பத்து. செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்குக் குத்துயரம் ஆறு. பரப்பளவு என்ன? அதற்குக் கீழே சின்னவளின் குண்டுக் கையெழுத்தில், 'இப்படி ஒரு முக்கோணம் இல்லை' என்று ஒரே ஒரு வரி. அதன்மேல் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திச் சிவப்பு மை: 'அதிகப்பிரசங்கித்தனம். விடை முப்பது. மாதிரி செய்து வெள்ளிக்கிழமை கொண்டு வரவும். இல்லையேல் பெயர் அனுப்பப்படாது.'

"ஏன்டி, உனக்கு இந்த வாய் எங்கிருந்துடி வந்துச்சு?" என்றாள் அம்மா. எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். "விடை கேட்டா விடையை எழுதிட்டு வரவேண்டியதுதானே? சாரோட உனக்கு என்ன வழக்கு?"

"வராதும்மா. நீயே செஞ்சு பாரு. வரவே வராது."

"எனக்கு வராத முக்கோணமா? தள்ளு அந்தப் பக்கம்."

சென்டிமீட்டரில் செய்தால் ரொம்பச் சின்னதாகிவிடும் என்று, பத்து அங்குலமாகவே வைத்துக்கொண்டாள். பலகையில் பத்து அங்குலம் தள்ளி இரண்டு ஆணி அடித்தாள். செங்கோணம் பார்க்கிற பெரிய மூலைமட்டத்தை எடுத்து, அதன் மூலை மேலே பார்க்கிற மாதிரி, மட்டத்தின் இரண்டு கையும் இரண்டு ஆணியைத் தொடுகிற மாதிரி கவிழ்த்தாள். மூலை இருக்கிற இடம்தான் முக்கோணத்தின் நுனி. இனி உயரம் ஆறு வரும்வரை நகர்த்த வேண்டியதுதான் பாக்கி. இடது பக்கம் நகர்த்தினாள், மூலை இறங்கியது. வலது பக்கம் நகர்த்தினாள், அங்கேயும் இறங்கியது. நட்ட நடுவில் நிறுத்தி டேப்பை வைத்தாள். ஐந்து. அதற்கு மேல் ஒரு நூல்கூட ஏறவில்லை.

"ஆணி கோணலா இறங்கிடுச்சு" என்று பிடுங்கி மறுபடி அடித்தாள். ஐந்து. மூலைமட்டத்தைத் திட்டினாள். டேப்பைத் திட்டினாள். அந்த நேரத்தில் போன் பண்ணிய கம்பெனிக்காரன் வாங்கிக் கட்டிக்கொண்டான். மூன்றாம் தடவையும் ஐந்துதான்.

"நான்தான் சொன்னேனே" என்றாள் சின்னவ.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "நீ கேள்வியைத் தப்பா எழுதிட்டு வந்திருக்கே! வகுப்புல எங்கேயோ பராக்கு பார்த்துட்டு, இங்கே வந்து என் நேரத்தை வீணாக்குறே! கிளம்பு வீட்டுக்கு. உலையை வை. நான் செஞ்சு எடுத்துட்டு வர்றேன்."

"தப்பா எழுதலைம்மா..."

"இன்னொரு வார்த்தை பேசினே, பல்லு கொட்டிடும்!"

சின்னவ உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள். நோட்டு மேஜைமேலேயே கிடந்தது.

அவள் மூத்த மகன் பெரியவன் கடை மூலையில் போனும் கையுமாகச் சாய்ந்திருந்தான். இன்ஜினியரிங் முதல் வருஷம். அம்மா அவனிடம் நோட்டை நீட்டினாள். சாய்ந்த வாக்கிலேயே பார்த்தான்.

"பத்தையும் ஆறையும் பெருக்கிப் பாதி. முப்பது. இதுக்குப் போய் ஆணி அடிச்சுக்கிட்டு!"

"உயரம் ஆறு வரலைடா."

"வந்தா என்ன, வராட்டி என்ன? சார் முப்பதுன்னா முப்பது. மார்க்கை வாங்கிட்டு வரச் சொல்லு. கணக்குல கேள்வி கேட்டா எவன் மார்க் போடுவான்?"

அவனைத் திட்டத் திறந்த வாயை அம்மா மூடிக்கொண்டாள். அவன் சொன்னதைத்தானே அவளும் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள்? கடைக்கு வருகிறவர் ஒரு அளவு கொடுப்பார். படம் அந்த அளவில் இருக்காது. 'உங்க அளவு தப்புங்க' என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் 'ஆகட்டும் சார்' என்று வாங்கி வைத்துக்கொண்டு, இங்கே கொஞ்சம் இழைத்து, அங்கே கொஞ்சம் மரத்தூளும் பசையும் அப்பி, எப்படியோ ஒப்பேற்றிக் கொடுப்பாள். கணக்கு சாரும் ஒரு வாடிக்கைக்காரர்தானே? அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு இடம் கிடைக்கும். அவ்வளவுதானே வேண்டியது?

இரண்டு ஆணிக்கும் நடுவே மூலைமட்டம் ஐந்தில் அப்படியே நின்றது. சின்னவ சொன்னது சரி என்று அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நன்றாகவே தெரிந்துவிட்டது.

தெரிந்துதான் அந்த வேலையைச் செய்தாள். சட்டத்துக்குப் போடுகிற, அரை அங்குல அகலமுள்ள பீடிங் கட்டையில் மூன்று துண்டு அறுத்தாள். உள்பக்கம் அளந்தால் அடிப்பக்கம் சரியாகப் பத்து. நுனி அச்சு அசலான செங்கோணம். உயரத்தை மட்டும் வெளிப்பக்கம் அளக்கும்படி வைத்தாள். கட்டையின் அகலம் மேலேயும் சேர்ந்தது, கீழேயும் சேர்ந்தது. ஆறைத் தாண்டிக் கொஞ்சம் நின்ற நுனியை அரத்தால் ராவி ஆறாக்கினாள். அடி உள்ளளவு, உயரம் வெளியளவு. அவள் கடையில் யாராவது இப்படி ஒரு சட்டத்தை அளந்தால் கையை உடைத்துவிடுவாள். சார் வேறு எங்கேயும் ஸ்கேலை வைத்துத் தொலைக்கக் கூடாதே என்று, எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்று பென்சிலால் அம்புக்குறியும் போட்டாள். உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்ததும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

காலையில் அதைச் செய்தித்தாளில் சுற்றிச் சின்னவ பையில் திணித்தாள்.

"வந்துச்சாம்மா?" என்று கண்ணை அகலத் திறந்தாள் சின்னவ.

"வந்துச்சு, வந்துச்சு. பஸ்ஸை விட்டுடாதே, ஓடு."

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். உடனே வர வேண்டுமாம். பூட்டுகூட சரியாகப் போடாமல் ஓடினாள். வழியெல்லாம் சின்னவளைத் திட்டிக்கொண்டே போனாள்.

தலைமையாசிரியையின் அறையில் மேஜைமேல் முக்கோணம் இருந்தது. கணக்கு சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சின்னவ சுவரோரம் நின்றாள். அழுத முகம் இல்லை. அழக் கூடாது என்று இறுக்கிப் பிடித்த முகம்.

"உட்காருங்கம்மா" என்றார் சார், சர்க்கரையாக. "உங்களை மாதிரி தொழில் தெரிஞ்சவங்க பத்து பேர் இருந்தா போதும். என்ன சுத்தமான வேலை! வகுப்புல எல்லாருக்கும் காட்டினேன். உங்க பொண்ணு 'இல்லை, இல்லை'ன்னு சாதிச்சாளே அந்த முக்கோணம், இதோ அவங்க அம்மாவே செஞ்சு அனுப்பியிருக்காங்கன்னு சொன்னேன். 'நீயே அளந்து சொல்லு'ன்னு ஸ்கேலைக் கையில கொடுத்தேன். அளந்தா. அதுக்கப்புறம் வாயே திறக்கலை. 'நான் சொன்னது தப்பு'ன்னு சொல்லுன்னா சொல்ல மாட்டேங்கறா. அரைமணி நேரம் பெஞ்ச் மேல நிக்க வெச்சும் சொல்லலை. திமிருங்க, சுத்தத் திமிரு!"

அவர் ஒரு தாளை நகர்த்தினார். 'இப்படி ஒரு முக்கோணம் இல்லை என்று நான் எழுதியது தவறு. மன்னிக்கவும்.' கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். "ரெண்டு பேரும் போட்டுட்டீங்கன்னா பேரை எழுதிடுவேன். எனக்கு ஒண்ணும் விரோதம் இல்லை."

அம்மா பேனாவை எடுத்தாள். உண்மையாகவே எடுத்தாள். ஒரு கையெழுத்து, பிள்ளை பிழைத்துப் போகும். அப்போது சின்னவ அவளைப் பார்த்தாள். பயந்த பார்வை. ஆனால் தன்னைப் பற்றிய பயமாக அது தெரியவில்லை.

நாற்பது பிள்ளைகள் முன்னால் பெஞ்ச் மேல் அரைமணி நேரம்! அதுவும் அவள் கையாலேயே செய்துகொடுத்த பொய்யை வைத்து! அம்மாவுக்கு உச்சந்தலை வரை சுறுசுறுவென்று ஏறியது.

"இந்த முக்கோணம் பொய் சார்."

"என்னம்மா?"

"பொய்! நான் ஏமாத்திச் செஞ்சது. ஸ்கேலை எடுங்க. அடியை உள்ளே அளந்தீங்கல்ல, உயரத்தையும் உள்ளேயே அளங்க. ஐஞ்சுதான் இருக்கும். உயரத்தை வெளியே அளந்தீங்கல்ல, அடியையும் வெளியே அளங்க. பன்னெண்டு பக்கம் வரும். எப்படிப் போட்டாலும் உயரம் அடியில பாதிக்கு மேல ஏறாது. என் பொண்ணு சொன்னதுதான் சரி."

சார் ஸ்கேலைத் தொடவில்லை. தலைமையாசிரியைதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்கேலை எடுத்தார். உள்ளே அளந்தார், வெளியே அளந்தார். ஒரு தாளில் அவரே வரைந்து பார்த்தார், அழித்தார், மறுபடி வரைந்தார்.

"சார், இது வராது போலிருக்கே" என்றார்.

"புத்தகத்துல இருக்கு மேடம்."

"புத்தகத்துல இருந்தா? நீங்க ஒரு தடவையாவது வரைஞ்சு பார்த்தீங்களா?"

சாருக்கு முகம் கறுத்தது. பாய்ச்சலை அம்மா பக்கம் திருப்பினார். "அவங்க செஞ்சது மட்டும் சரியா மேடம்? தெரிஞ்சே ஏமாத்தியிருக்காங்க!"

"ஆமா சார், ஏமாத்தினேன். நான் நாலு எழுத்து படிக்காதவ, மரம் அறுக்கறவ. என்கிட்ட நீங்க எப்படி ஏமாந்தீங்க? கணக்கு சார்தானே நீங்க?"

தலைமையாசிரியை பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். ஆறாவது வரியில் சின்னவளின் பெயரைத் தன் கையாலேயே எழுதிவிட்டு, மன்னிப்புத் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். வேலை முடிந்தது. பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது.

வெளியே வராந்தாவில் அம்மா மகள் தோளில் கை வைத்தாள். சின்னவ தட்டிவிட்டாள்.

"தெரிஞ்சேவாம்மா செஞ்சே?"

"பின்னே என்னடி பண்ணச் சொல்றே? உனக்கு இடம் கிடைக்கணும்னுதானே..."

"நீ கோபத்துல, அவசரத்துல அளவை மாத்திப் போட்டுட்டேன்னு நினைச்சேன். ஸ்கேலை வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு எனக்கு. எங்க அம்மாவுக்கு அளக்கத் தெரியலைன்னு அத்தனை பேரும் சிரிப்பாங்களேன்னுதான் வாயைத் திறக்கலை. பெஞ்ச் மேல நின்னதுக்குக்கூட எனக்கு ஒண்ணும் இல்லை." அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே கத்தினாள். "நேத்தே உனக்குத் தெரிஞ்சிருக்கு! 'ஆமாடி, நீ சொன்னது சரி'ன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா என்ன? ஒரே ஒரு வார்த்தை!"

திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குள் போய்விட்டாள்.

அம்மாவுக்குப் பதிலுக்குத் திட்ட வாய் வந்தது. யாரைத் திட்டுவது? சாரையா? புத்தகம் போட்டவனையா? போனும் கையுமாகக் கிடந்த பெரியவனையா? ஒருவர் பாக்கியில்லாமல் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். கடைசியில் மிச்சம் நின்றது அவளேதான். அந்த ஆள்மேல் வந்த கோபத்துக்கு ஈடாக அவள் வாழ்க்கையில் வேறு கோபம் வந்ததில்லை.

விறுவிறுவென்று வகுப்பு வாசலுக்குப் போனாள். உள்ளே ஒரு டீச்சர் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். அனுமதியெல்லாம் கேட்கவில்லை. மெதுவாகப் பேச அவளுக்குத் தெரியாது, அதனால் கடையில் கத்துகிற அதே தொண்டையில் கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! காலையில உங்களுக்குக் காட்டினாங்களே முக்கோணம், அது பொய். நான்தான் ஏமாத்திச் செஞ்சேன். என் பொண்ணுக்கு அதுல பங்கு இல்லை. அவ சொன்னது சரி. நேத்தே சரி. எனக்கும் நேத்தே தெரியும், சொல்லலை."

நாற்பது தலையும் திரும்பியது. டீச்சர் புத்தகத்தை விரித்த கையோடு நின்றார். மூன்றாவது பெஞ்சில் சின்னவ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். காது மட்டும் செக்கச் செவேலென்று தெரிந்தது.

"போம்மா" என்றாள், கையை எடுக்காமலே. "கடைக்குப் போ."

கோபம் கொஞ்சமும் தணிந்த குரல் இல்லை. அந்தக் கோபத்தில் ஒரு நூலளவுகூடத் தப்பு இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.