கைக்குட்டை முடிச்சு

நீராவிப் படகு முதல் சங்கு ஊதியபோதே பெய்லா படகின் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். நாற்பத்தாறு வயதில் அவள் தண்ணீரின் மேல் போனதே இல்லை. ப்ரிப்யத் ஆற்றில் துணி துவைத்ததோடு சரி. ஆனால் போகாமல் முடியாது. மோசிரில் மகள் ஃப்ரூமாவுக்குத் தலைப்பிரசவம். 'நீ வந்து கட்டில் தலைமாட்டில் காப்புத்தாளை மாட்டாமல் நான் பெற மாட்டேன்' என்று எழுதியிருந்தாள். ஏதோ பிள்ளை இவள் சொல்லைக் கேட்டுக் காத்திருக்கும் என்கிற மாதிரி!

தாயையும் சேயையும் காக்கும் தேவதூதர்களின் பெயர்களை அச்சிட்ட அந்தத் தாள் பெய்லாவின் சட்டைக்குள் பத்திரமாக இருந்தது. அது மகளுக்கு. அவளுக்கென்று இருந்தது, கணவன் கால்மன் சிவப்புக் கைக்குட்டையின் ஓரத்தில் முடிந்து கொடுத்த ஐந்து கோபெக் காசு. வெளியூர் போகிறவர்களை யூத வீடுகளில் இப்படித் தூதுக்காசு கொடுத்துத்தான் அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் அதை ஓர் ஏழையிடம் கொடுக்க வேண்டும். தர்மத்தைச் சுமந்து தூது போகிறவரை வழியில் எந்தக் கெடுதலும் அண்டாது.

"எறங்கினதும் குடு. நடுவுல முடிச்ச அவுத்துடாதே. உன் கை சும்மா இருக்காது" என்று கால்மன் துறையில் நின்று சொன்னான்.

"ஆமா, நான் பச்சப் புள்ள பாரு" என்றாள் பெய்லா.

படகு கிளம்பியது. பலகை அதிர்ந்தது, கரை நகர்ந்தது. சுற்றிலும் கூடை நிறைய வாத்துகளோடு ஒரு குடியானவப் பெண், சூரியகாந்தி விதை கொறிக்கும் இரண்டு சிப்பாய்கள், ஒரு பாதிரியார். யூத முகம் என்று ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. அது பிச்சைக்காரன் சிம்காவின் முகம். ஊர் ஊராகக் கல்யாண வீடுகளைத் தேடிப் போகிறவன். ஏழு பைகள் வைத்த கோட்டோடு அவளுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வளைவில் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. பயம் வந்தால் பெய்லா வீட்டில் என்ன செய்வாளோ அதையே இங்கேயும் செய்தாள். இடி இடித்தாலும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அவள் கை தர்மத்துக்குத்தான் போகும். சட்டென்று முடிச்சை அவிழ்த்தாள், காசை சிம்காவின் உள்ளங்கையில் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோதுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

"ஐயோ! அதக் குடுத்துடுய்யா! அது தூதுக்காசு!"

"குடுத்த தர்மத்தத் திருப்பிக் கேக்கலாமா தாயே?" சிம்கா அதற்குள் காசை நாலாவது பைக்குள் தள்ளியிருந்தான்.

"பத்து கோபெக் தரேன். அதக் குடு."

"பத்தையும் வாங்கிக்கறேன். ஆனா ஒனக்கு என்ன லாபம்? இத எங்கிட்டச் சேத்தாச்சு, தூது முடிஞ்சுபோச்சு. ஒனக்கு நீயே காசு எடுத்து முடிஞ்சுகிட்டா அது தூது ஆகுமா? வேற ஒருத்தர் இல்ல அனுப்பணும்?"

அவன் சொன்னது சரி என்பதுதான் பெய்லாவுக்கு எரிச்சல். மோசிருக்கு இன்னும் அரை நாள் இருந்தது. இப்போது அவள் யாருடைய தூதும் இல்லாத வெறும் பெய்லா. அடியில் இவ்வளவு தண்ணீர். அங்கே மகள் வழி பார்த்துக் கிடக்கிறாள். பாதிரியாரிடமா போய்த் தூதுக்காசு கேட்பது? வாத்துக்காரியிடமா?

"யோவ், அப்ப நீயே என்னை அனுப்பு" என்றாள்.

"நானா?"

"ஏன்? பிச்ச வாங்குறவனும் தர்மம் குடுக்கணும்னுதானே சட்டம்? ஏழு பை வச்சிருக்கே!"

சிம்கா ஏழு பையையும் வரிசையாகத் துழாவி, கடைசியில் தேய்ந்த அரைக் கோபெக் ஒன்றை எடுத்தான். எடுத்தவன் அதை விடவில்லை. இரண்டு விரலுக்கு நடுவே அது ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

"முப்பது வருசமா எல்லார்கிட்டயும் வாங்கிட்டேன். யாரையும் அனுப்பினதில்ல" என்றான். "என்னையும் ஒருத்தரும் அனுப்பினதில்ல. நான் வெளியூர் போறேன்னா எவன் தூதுக்காசு குடுப்பான்? நானே அமுக்கிக்குவேன்னு நெனப்பாங்க. எனக்கும் தண்ணின்னா பயந்தான். அதான் கைக்குட்ட முடிச்சப் பாத்ததும் ஒன்கிட்ட வந்து ஒக்காந்தேன். ஒனக்கு ஒண்ணும் ஆகாதுன்னா பக்கத்துல இருக்கறவனுக்கும் ஆகாதுல்ல?"

பெய்லாவுக்கு அவன்மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

அவன் காசை விட்டான். "நல்ல ஏழையாப் பாத்துக் குடு. குடிகாரப் பயலுக்குக் குடுத்துடாத. கேக்குதா?"

"பெரிய பிரபு! அரைக் கோபெக்குக்கு எத்தன நிபந்தன!" என்றபடி பெய்லா முடிச்சுப் போட்டாள்.

மதியம் படகு மணல்திட்டில் ஏறி நின்றது. வாத்துகள் அலறின, பாதிரியார் சிலுவைக்குறி போட்டார், சிப்பாய்களின் முகம் வெளுத்தது. பெய்லா மட்டும் அசையாமல் உட்கார்ந்து, தேன் ரொட்டியைப் பிட்டு சிப்பாய்களுக்குக் கொடுத்து, "இதுக்குப் போய் பயந்தா எப்படி?" என்று அதட்டினாள். ஒரு மணி நேரத்தில் படகு விலகியது.

மோசிர் துறையில் மருமகன் இஸ்ஸர் தொப்பி கோணலாக நின்று கத்தினான். "அத்தே! வலி எடுத்துடுச்சு! வண்டி நிக்குது, ஓடி வாங்க!"

பெய்லா ஓடினாள், நின்றாள். கையில் தூது இருக்கிறதே! துறையில் சுற்றிப் பார்த்தாள். மூட்டை தூக்குகிறவர்கள், வியாபாரிகள். ஏழை என்று சொல்ல சிம்கா ஒருவன்தான்.

"நீயே வச்சுக்கோ!"

"என் காச எனக்கே தர்மமா? நல்லா இருக்கே கூத்து!"

"அப்ப நீ போய்க் குடு!" பெய்லா அரைக் கோபெக்கோடு தன் பையிலிருந்து ஐந்து கோபெக்கையும் சேர்த்து முடிந்து, கைக்குட்டையோடு அவன் கையில் திணித்தாள். "நான் அனுப்புறேன். அடுத்து எந்த ஊருக்குப் போறியோ அங்க ஒரு ஏழைகிட்டச் சேத்துடு. பத்திரமாப் போய்ட்டு வாய்யா."

சிம்கா முடிச்சை ஏழு பையில் எதிலும் போடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி திரும்பும்வரை அவன் அப்படியே நிற்பது பெய்லாவுக்குத் தெரிந்தது.

காப்புத்தாளை மாட்டி ஆணியிலிருந்து கையை எடுப்பதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். அம்மா சொல்வதைக் கேட்கிற குழந்தைதான் போலிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஊர் திரும்ப பெய்லா துறைக்கு வந்தாள். இஸ்ஸர் தூதுக்காசை மறந்தே போயிருந்தான். சட்டைப்பையிலும் ஒரு காசு இல்லை. வீட்டை விட்டுப் புறப்பட்டபின் திரும்பிப் போகவும் கூடாது. மருமகனைத் திட்ட அவள் வாயெடுத்தபோது கூட்டத்தை முட்டி மோதிக்கொண்டு சிம்கா வந்தான்.

"ஒரு வாரமா ஒவ்வொரு படகுக்கும் வந்து நிக்கறேன், தெரியுமா? பெத்ரிகாவ் போய், ஏழையத் தேடித் தேடிக் காலு வீங்கிடுச்சு. எல்லாப் பயலும் என்னைவிடப் பணக்காரன்! கடைசில ஒரு விதவை கெடச்சா. குடுத்துட்டேன். அரைக் கோபெக்க எடுத்துக்கல. சத்தியமா!"

"நான் கேட்டனா?" என்றாள் பெய்லா.

சிவப்புக் கைக்குட்டையை நீட்டினான். துவைத்து மடித்திருந்தது. ஓரத்தில் புது முடிச்சு.

"என் காசு. ஒன் ஊர்ல நல்ல ஏழையாப் பாத்துக் குடு."

சங்கு ஊதியது. வளைவில் படகு சாய்ந்தபோது பெய்லாவின் வலது கை தானாக முடிச்சுக்குப் போனது. அவள் இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் ஊரான தூரவ் வரும்வரை விடவே இல்லை.