மேற்கே வைத்த தகரக் கதவு

எனக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்கிறவரின் வாய் அடைத்துப்போகும். நான் வேலை பார்த்த சுகாதாரக் கந்தோரில் அதை என் கெட்டித்தனம் என்றே எண்ணியிருந்தேன், எழுபத்தொன்பதாம் ஆண்டு மாரி வரைக்கும்.

இறக்கக்கண்டி கடற்கரைக் கிராமம்; மணலில் மூன்றடி தோண்டினால் தண்ணீர். குழி வெட்டிக் கக்கூசு கட்டினால் மழைக்காலத்தில் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். கட்டாவிட்டால் சனம் கிணற்றுக்குப் பின்னால் தாழம்பற்றைக்குப் போகும். மழை அதையும் கிணற்றுக்குள்தான் கொண்டுவந்து சேர்க்கும். முந்திய மாரியில் பக்கீரின் மூத்த பிள்ளை வயிற்றோட்டத்தில் போய்விட்டது. பக்கீர் கரைவலை இழுக்கிறவர். மிஞ்சியிருந்தது நாலு வயதுப் பரீனா ஒருத்திதான்.

"இந்த மாரிக்கு இவளுக்கு ஒண்டும் வராது. நான் பொறுப்பு" என்று அவரிடமும் மனைவி ஸாலிஹாவிடமும் சொன்னேன். யார் கேட்டார்கள் என்னிடம் பொறுப்பு?

ஆறு மாதம் மண்டையை உடைத்து ஒரு கக்கூசு வரைந்தேன். குழியே கிடையாது. நிலத்துக்கு மேலே சீமெந்துப் பெட்டி, அதன்மேல் குந்தும் தட்டு. போனபின் ஒரு சிரட்டை சாம்பல் போட வேண்டும். கழுவும் தண்ணீர் வேறு பீலியால் வாழைக்குப் போய்விடும். பெட்டியின் பின்பக்கம் கறுப்புப் பூசிய தகரக் கதவு. பின்னேர வெயில் அதில் விழுந்து உள்ளே காய வேண்டும் என்று மேற்குப் பக்கமாக வைத்தேன். குந்துகிறவர் கிழக்கைப் பார்ப்பார். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய நினைப்பு.

முதலாவதைப் பக்கீரின் வளவில் கட்டினேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன்.

"பாவிக்கிறீங்களோ?"

"ஓம் ஐயா."

"வசதியோ?"

"ஓம் ஐயா, நல்லம்."

மூக்கைக் கிட்ட வைத்து மணந்து பார்த்தேன். நாற்றமில்லை, மொய்க்க ஒரு இலையான்கூட இல்லை. அறிக்கையில் அதை அடிக்கோடிட்டு எழுதி, இன்னும் இருபது கட்ட அனுமதி கேட்டேன்.

ஐப்பசியில் ஒருநாள் பக்கீர் பஸ் பிடித்துத் திருகோணமலைக்கு, என் கந்தோருக்கே வந்தார். கையில் மடித்த கொப்பித் தாள் ஒன்று.

"ஐயா, அந்தக் கதவைக் கொஞ்சம் திருப்பி..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆறு மாதம் இருந்து கீறினவன் நான். எனக்குப் படிப்பிக்கவோ வந்தனீர்?"

"இல்லை ஐயா" என்றார். தாளை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். நான் தேநீர் குடித்தேன்.

கார்த்திகையில் பரீனாவை வயிற்றோட்டத்தோடு ஆசுபத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கக்கூசு இருக்க இது எப்படி வந்தது என்று கேட்டேன். ஸாலிஹா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த பஸ்ஸில் இறக்கக்கண்டிக்குப் போய் அந்தத் தகரக் கதவைத் திறந்தேன். உள்ளே நான் பூசிவிட்ட சீமெந்து அப்படியே இருந்தது. மூலையில் சிலந்தி வலை. நாற்றம் எங்கேயிருந்து வரும்?

ஆசுபத்திரிக்குத் திரும்பி வந்து கோபமாகத்தான் கேட்டேன். எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது. இந்த முறை ஸாலிஹாவுக்குப் பயமில்லை.

"அதில குந்தினா கிப்லாவுக்கு முதுகு காட்டவேணும் ஐயா. தொழுற திசை அது, எங்களுக்கு ஏலாது. நீங்க ஏசுவீங்க எண்டு ஓம் ஓம் எண்டனாங்க. பற்றைக்குத்தான் போனனாங்க. இவர் அதைச் சொல்லத்தானே உங்கட கந்தோருக்கு வந்தவர்."

பக்கீர் அந்தத் தாளை எடுத்து நீட்டினார். பென்சிலால் கீறியிருந்தார்: என் பெட்டிதான், கதவு மட்டும் தெற்கே.

"மாரியில சூரியன் தெக்கால சாஞ்சுதானே போகுது. கடலில நிண்டு பார்க்கிறனாங்க. தெக்க வைச்சா மழைக்காலத்திலயும் வெயில் விழும். எங்களுக்கும் குந்தலாம்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. வெயில் குறைந்த காலத்துக்கு அவருடைய படம் என்னுடையதைவிடத் திறம். அன்றைக்கு இரண்டு நிமிசம் அவரைக் கதைக்க விட்டிருந்தால் மழைக்கு முன்னமே திருப்பியிருப்பேன்.

நாலாம் நாள் பரீனாவும் மௌத்தாகிப் போய்விட்டாள்.

நாற்பது நாள் துக்கம் கழிந்தபின் மேசன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியை உடைத்து, பக்கீரின் படத்தின்படி கட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் விட்டுப் போனேன். பாவிக்கிறீர்களா என்று ஒருவரையும் கேட்கவில்லை. நேரே போய்த் தெற்குக் கதவைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. அந்த நாற்றத்துக்கு நான் அழுதேன்.

கிணற்றடியில் நின்ற ஸாலிஹா பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"இன்னும் என்ன மாத்த வேணும்? சொல்லுங்கோ. நான் ஏசமாட்டன்."

"ஒண்டும் இல்லை ஐயா, எல்லாம் சரி" என்றாள். "பக்கத்து வீட்டுப் பிள்ளையளும் வந்து போகுதுகள்."

வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

"எங்கட வீட்டிலதான் பிள்ளை இல்லை."