மூட்டைக் கட்சிக்காரி

கழுத்தில் துண்டைக் கட்டி, தலையை முன்னால் சாய்த்து, பிடரியில் கத்தியை வைத்துவிட்டால் எப்பேர்ப்பட்டவனும் வாதத்தை நிறுத்திவிடுவான். கத்தரியக்கா இந்தத் தொழிலுக்கு வந்ததே அதற்காகத்தான் என்று அவள் புருஷன் சொல்வார். கத்தரியக்கா என்பது கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய சின்ன முடிவெட்டும் கடை. மூன்று நாற்காலிகள் இருந்தாலும் கண்ணாடி இரண்டுக்குத்தான் உண்டு. மூன்றாவது நாற்காலிக்கு எதிரே ஒரு கால்பந்து அணியின் படம் மாட்டியிருந்தது. செங்கல் நிறச் சட்டை போட்ட பதினொரு பேர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இப்போதுதான் யாருக்கோ வீடு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள்.

அதுதான் மூட்டை அணி. சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள் ஆரம்பித்த அணி என்பதால் சட்டையின் நெஞ்சில் கயிறு கட்டிய மூட்டை ஒன்று சின்னமாக இருக்கும். ஊரில் முக்கால்வாசிப் பேர் ராஜாளி அணியின் பக்கம். ராஜாளிக்குத் தங்க நிறச் சட்டை, மூன்று மாடி மைதானம், தொலைக்காட்சியில் நேரலை. மூட்டை அணி கடைசியாக ஜெயித்த கோப்பை யார் வீட்டில் இருக்கிறது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கத்தரியக்கா ஏன் மூட்டைக் கட்சி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சிலருக்குச் சுருட்டை முடி வாய்க்கிற மாதிரி அவளுக்கு இது வாய்த்திருந்தது. கேலியெல்லாம் அவளுக்குப் பழகிப்போன விஷயம். அவளுக்கு இருந்த ஒரே கவலை மகளைப் பற்றியது. ஆறு வயது முடிந்து ஏழு நடக்கிறது. உருண்டையாக, எங்கே விட்டாலும் உருண்டு ஓடுவதால் பட்டாணி என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து மூன்றாவது நாற்காலியில் சுற்றிக்கொண்டிருப்பாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவள் கையில் ஒரு ராஜாளி ஸ்டிக்கரைத் திணிப்பான். கத்தரியக்கா அதை வாங்கி, மழுங்கின பிளேடு போடுகிற டப்பாவில் போட்டுவிடுவாள்.

பட்டாணிக்குப் படிக்கத் தெரியாத வரைக்கும் சமாளிக்க முடிந்தது. சனிக்கிழமை குடும்பத்தோடு மைதானத்துக்குப் போய்த் திரும்பும்போது யார் ஜெயித்தது என்று கேட்டால் "நல்லா ஆடினாங்க" என்று சொல்லி இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். இந்த வருஷம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதும் வினை வந்தது. ஒருநாள் கடையில் கிடந்த பத்திரிகையை எடுத்து, அணிகளின் பட்டியலில் மேலிருந்து விரலை வைத்துக்கொண்டு வந்தாள். விரல் இறங்கிக்கொண்டே போனது. பட்டியல் முடிகிற இடத்தில் நின்றது.

"அம்மா, நம்ம பேரு ஏன் கடைசியில இருக்கு?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த தபால்காரருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. கத்தரியக்கா அவர் தலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, கொஞ்சமும் யோசிக்காமல், "அத கீழேருந்து படிக்கணும் கண்ணு" என்றாள்.

பட்டாணி அதை நம்பினாள். நம்பினதோடு நின்றால் பரவாயில்லை. வகுப்பில் எழுந்து நின்று, எங்கள் அணிதான் முதலிடம் என்று அறிவித்துவிட்டாள். அன்று சாயங்காலம் கடைக்கு வந்தவள் நாற்காலியில் ஏறவில்லை. கதவோரமாக நின்றுகொண்டு, "நீ பொய் சொன்ன" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் மூன்று நாள், வருகிறவர்களிடம் ராஜாளியைப் பற்றி விசாரித்தாள். அந்தப் பறவை நிஜமாகவே இருக்கிறதா, என்ன சாப்பிடும், மைதானத்துக்கு வருமா.

இந்த நேரம் பார்த்து அவள் கொழுந்தன் வந்து சேர்ந்தான். கைப்பேசி பழுதுபார்க்கிறவன், தங்கச் சட்டையைத் துவைக்கக் கழற்றினால் உண்டு. சனிக்கிழமை ராஜாளி ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் இருக்கிறது, குழந்தையைக் கூட்டிப்போகிறேன் என்றான்.

"ஒரே ஒரு தடவ, அண்ணி. பிடிக்கலேன்னா நானே கொண்டாந்து விட்டுடறேன்."

கத்தரியக்கா புருஷனைப் பார்த்தாள். வேனில் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. கால்பந்தில் எந்தக் கட்சியும் இல்லாத மனுஷர். போகட்டுமே, எல்லாம் பந்துதானே என்றார். பத்து வருஷக் குடித்தனத்தில் அவர் பேசின வார்த்தைகளிலேயே மோசமான வார்த்தை அதுதான் என்று அவள் அப்புறம் சொன்னாள்.

ஆனாலும் அவள் தடுக்கவில்லை. ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டாயிற்று. இனி பிடித்து வைத்தால் அதற்கும் கணக்குக் கேட்பாள். வெள்ளிக்கிழமை தலை வாரிவிடும்போது, இனிமேல் அணி விஷயத்தில் உன்னிடம் பொய்யே சொல்ல மாட்டேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்தாள். பட்டாணி கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்றாள். மறுநாள் சித்தப்பா தங்க நிற ரிப்பன் கொண்டுவந்தான். அதையும் கத்தரியக்காதான் பின்னலில் வைத்துக் கட்டினாள். ஊருக்கே தலை சீவுகிறவளுக்கு அந்த ஒரு முடிச்சுப் போட மூன்று தடவை ஆயிற்று.

அன்று மூட்டை அணிக்கும் ஆட்டம் இருந்தது. புருஷனுக்கு வேனில் வேலை. அவள் தனியாகப் போய், வழக்கம்போல நடுக்கோட்டுப் பக்கம் கயிற்றை ஒட்டி நின்றாள். கோல்கீப்பராக ஆடுகிறவர் வாரத்தில் ஐந்து நாள் குழாய் வேலை பார்க்கிறவர், நல்ல வாட்டசாட்டம். அன்றைக்கு அவருக்கு என்னவோ ஆகியிருந்தது. வலைக்குப் பின்னால் எதையோ தேடுகிறவர் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தார். பந்தைப் பாருய்யா என்று கத்தரியக்கா தொண்டை கிழியக் கத்தினாள். கடைசி நேரத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. குழாய்க்காரர் எந்தப் பக்கமும் பாயாமல் குழம்பிப்போய் நடுவிலேயே நின்றார். பந்து நேராக வந்து அவர் வயிற்றில் மோதித் திரும்பியது. ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பதினொரு ஆட்டத்துக்கு அப்புறம் முதல் புள்ளி. வேறொரு நாளாக இருந்தால் அவள் வழிநெடுக ஆடிக்கொண்டே வந்திருப்பாள். இன்றைக்கு மனசு முழுக்க ராஜாளியின் மூன்று மாடி மைதானத்தில் இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் பட்டாணி வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் தங்க நிறத் துண்டு, மூக்கின்மேல் அட்டையில் செய்த அலகு, கன்னத்தில் இறக்கை. தானாக ஏறுகிற படிக்கட்டு, எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் நாற்காலி, இரண்டு ஐஸ்கிரீம் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நாலு கோலாம். கொழுந்தன் பக்கத்தில் நின்று, தானே அடித்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். கத்தரியக்கா தண்ணீரை எடுத்துக் கொடுத்து, ம் கொட்டிக்கொண்டிருந்தாள். தோற்றுப்போய்விட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோற்பது ஒன்றும் அவளுக்குப் புதுசு இல்லை. ஆனால் இது உள்ளே எங்கோ போய்க் குத்தியது.

பட்டாணி தண்ணீரைக் குடித்துவிட்டு அலகைக் கழற்றினாள்.

"அம்மா, ராஜாளி கோல்கீப்பருக்குக் காது கேக்காதா?"

"ஏன்டி?"

"அவரு ஷூ லேஸ் அவுந்திருந்துச்சு. பெரிய திரையில காட்டினாங்க. நான் எத்தன தடவ கத்தினேன் தெரியுமா? திரும்பவே இல்ல."

கொழுந்தன் சிரித்தான். நாம் இருந்தது மூன்றாவது மாடி, அங்கேயிருந்து அவருக்கு எப்படிக் கேட்கும் என்றான்.

"கேக்காதுன்னா அப்புறம் நாம எதுக்குப் போனோம்?"

பார்க்கத்தான் என்று அவன் இழுத்தான். பார்க்க டிவி இருக்கிறதே என்றாள் பட்டாணி. அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனுக்கு உதவுகிற மாதிரி இல்லை.

"நம்ம கோலி மாமா நான் சொன்னா உடனே கட்டுவாரு" என்றாள் பட்டாணி.

கத்தரியக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷனைப் பார்த்தாள். அப்போதுதான் வேலை முடிந்து உள்ளே வந்த அவர் சாவகாசமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். மைதானத்தில் அவர் மடக்கு நாற்காலியைப் போடுவது வலைக்குப் பின்னால். அங்கேதான் சத்தம் குறைவு. பட்டாணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது குழாய்க்காரர் அவளோடு பேசிக்கொண்டிருப்பார். பல் விழுந்ததைக்கூட முதலில் அவரிடம்தான் காட்டினாள். இடைவேளையில் அவர் எதிர்ப்பக்க கோலுக்கு மாறினால் இவர்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். இரண்டு வருஷமாக இப்படித்தான்.

"ஏங்க, இத எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ எங்கம்மா கேட்ட? நீ கத்திக்கிட்டில்ல இருப்ப."

"பெனால்டி வந்தா எந்தப் பக்கம்னு எங்கிட்ட கேப்பாரு" என்றாள் பட்டாணி, பெருமையாக. "நான் இடதுன்னு சொல்லுவேன். எனக்கு இடது கைதானே, அதான் பிடிக்கும்."

கத்தரியக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்றையதை விட்டுவிட்டால் இந்தப் பருவத்தில் ஆறு பெனால்டி. ஆறுக்கும் அந்த மனுஷர் இடது பக்கமே பாய்ந்தார். பந்து ஆறு தடவையும் வேறு பக்கம் போனது. எந்தப் பாவி இவருக்கு இடது பக்கம் பாயச் சொல்லிக் கொடுத்தான் என்று அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டியிருக்கிறாள். அந்தப் பாவிக்கு எண்ணெய் தேய்த்து, தலை வாரி, தினம் அவள்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறாள்.

பட்டாணி அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லிட்டு நான் கண்ண மூடிக்குவேன். நான் சொன்னது சரியா வந்துச்சாம்மா? பொய் சொல்லக் கூடாது."

கொழுந்தன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் குழந்தை சிரித்துவிடும். இல்லை என்றால் தங்கத் துண்டு இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும்.

"ஒண்ணுகூட சரியா வரல கண்ணு."

பட்டாணியின் உதடு பிதுங்கியது. "அப்ப நான்தான் தோக்கடிச்சேனா?"

"நீ மட்டும் இல்லடி. நம்ம அணியில அதுக்கு நெறைய பேரு இருக்காங்க."

கொஞ்ச நேரம் அழுகையா சிரிப்பா, எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் இருந்தது. பிறகு பட்டாணி கிளுக்கென்று சிரித்தாள். சிரிப்பு வயிற்றிலிருந்து வந்து, அவள் அப்பாவுக்கும் தொற்றி, கடைசியில் கத்தரியக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி ஆயிற்று. கொழுந்தனுக்கு மட்டும் இதில் என்ன சிரிப்பு என்று தெரியவில்லை. சிரித்து முடித்ததும் பட்டாணி கவலையோடு ஒன்று சொன்னாள்: பாவம் கோலி மாமா, அடுத்த சனிக்கிழமைக்குள் தான் சரியான பக்கம் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம் கடை கடையாக இல்லை. வருகிறவர்கள் ஈரத் துண்டைப் பந்தாகச் சுருட்டி, இரண்டு நாற்காலிக்கு நடுவில் உதைக்க வேண்டும். அப்படி உதைத்தால்தான் பட்டாணி முடிவெட்டிக்கொள்ள வழிவிடுவாள். உதைக்கிறவனின் காலையும் தோளையும் கூர்ந்து பார்த்து, எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்வாள். தபால்காரர் செருப்போடு உதைத்து, பவுடர் டப்பா பறந்தது. ராஜாளிக் கட்சிக்காரர்கள்கூட வரிசையில் நின்று உதைத்தார்கள். வியாழக்கிழமைக்குள் பத்துக்கு ஆறு சரியாக வர ஆரம்பித்தது. நிற்கிற கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ பந்து அந்தப் பக்கம் போகும் என்று அவளாகவே கண்டுபிடித்து, அப்பாவின் வேன் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்தாள்.

சனிக்கிழமை சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டுதான் புறப்பட்டாள். கத்தரியக்கா முதல் தடவையாக நடுக்கோட்டை விட்டுவிட்டு வலைக்குப் பின்னால் வந்து நின்றாள். மைதானத்தில் மொத்தம் அறுபது பேர் இருந்தால் அதிகம். தங்கச் சட்டை போட்டவன் கொழுந்தன் ஒருவன்தான். கூச்சத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ராஜாளித் துண்டு அப்பாவின் நாற்காலியில், அவருக்கு ஈரம் படாமலிருக்க, நாலாக மடிந்து கிடந்தது.

குழாய்க்காரர் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தார்.

"என்ன பட்டாணி, போன வாரம் ஆளக் காணோம்?"

"ராஜாளி பாக்கப் போனேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எப்படி இருந்துச்சு?"

"ஐஸ்கிரீம் நல்லா இருந்துச்சு. மாமா, லேஸ்."

அவர் குனிந்து கட்டினார். நிமிரும்போது கத்தரியக்காவைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். குழந்தை சொல்லும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

இரண்டு கோல் வாங்கின பிறகு ஒரு பெனால்டி வந்தது. எதிரணியில் உதைக்க வந்தவன் நெட்டையன். மைதானம் அடங்கியது. குழாய்க்காரர் தலையை லேசாகத் திருப்பினார். பட்டாணி கயிற்றுக்கு அடியில் குந்தி, நெட்டையனின் காலைப் பார்த்தாள். அவன் ஓடிவரத் தொடங்கினான். கத்தரியக்காவுக்குக் கத்தல் வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வலது" என்றாள் பட்டாணி.

குழாய்க்காரர் வலது பக்கம் பாய்ந்தார். பந்தும் வலது பக்கம்தான் வந்தது. விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் போய் அடித்து, திரும்பி வந்து, சேற்றில் குப்புறக் கிடந்தவரின் முதுகில் விழுந்து, மெதுவாக உருண்டு கோட்டைத் தாண்டியது.

அறுபது பேரும் தலையில் கை வைத்தார்கள். வலைக்குப் பின்னால் மட்டும் பட்டாணி எம்பி எம்பிக் குதித்தாள். "நான் சொன்னது சரி, மாமா. நான் சொன்னது சரி." குழாய்க்காரர் சேற்றிலிருந்து முகத்தைத் தூக்காமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கத்தரியக்கா மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

கொழுந்தன் பதறிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தான்.

"அண்ணி, நமக்குத்தான் அண்ணி கோல் விழுந்திருக்கு."

"தெரியும்" என்றாள் கத்தரியக்கா. "நீயும் கத்து."