மாடிக்குப் போன தையற்கூடம்

நீலவ்வா தரையில் அமர்ந்தபடி துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் கோடிழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைகள். இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு கால்களும் சூம்பியவள். ஹூப்ளியில் அவளைப் போல வெட்ட ஆளில்லை என்று கஸ்தூரி பார்ப்பவரிடமெல்லாம் சொல்வாள்.

கஸ்தூரி நடத்திய அந்தத் தையற்கூடத்தில் வேலை செய்த எட்டுப் பெண்களுக்குமே கால் சரியில்லை. பழைய பஞ்சுக் கிடங்கின் கீழ்த்தளம் அது. மூன்று சக்கர வண்டியைத் தெருவிலிருந்து நேரே மெஷின் வரைக்கும் ஓட்டி வந்துவிடலாம்.

கட்டடக்காரர் ஈரண்ணா வாசலிலேயே நின்று பேசினார்.

"கோவிச்சுக்காதம்மா. பையன் இங்க பைக் ஷோரூம் வைக்கணும்ங்கிறான். உனக்கு மாடியைத் தர்றேன், அதே வாடகைக்கு. காத்து பிச்சுக்கிட்டு வரும்."

"காத்து வரும்ண்ணா. இவங்க எப்படி வருவாங்க?"

அவர் பிடரியைச் சொறிந்தார். "ஒரு மாசம் எடுத்துக்கோ."

கஸ்தூரி இன்ச் டேப்போடு ஊரெல்லாம் அலைந்தாள். ஓரிடத்தில் வாசற்படி முழங்கால் உயரம். இன்னோரிடத்தில் கழிவறைக்குள் ஒருவர் திரும்பவே இடமில்லை. எல்லாம் பொருந்தி வந்த வீட்டில், "காலங்காத்தால இவங்க முகத்துலயா முழிக்கிறது?" என்று வீட்டுக்காரம்மா கதவைச் சாத்தினாள். பள்ளி திறப்பதற்குள் சீருடைகளைக் கொடுத்தாக வேண்டும். மாத முடிவில் மெஷின்கள் மாடி ஏறின.

இருபத்திரண்டு படிகள். ஐந்து பேர் கைப்பிடியைப் பற்றி ஏறிவிட்டார்கள். இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நீலவ்வா கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கி வைத்து ஏறினாள். கஸ்தூரி தூக்கப் போனதும், "நான் என்ன சோள மூட்டையாக்கா? தள்ளிக்கோ," என்று சிரித்தாள்.

கழிவறை கீழே, பின்முற்றத்தில் இருந்தது. நீலவ்வா வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். அது யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் வாரம் குளிர்காய்ச்சலோடு அரசு மருத்துவமனையில் படுத்தாள். சிறுநீரகத்தில் சீழ் கோத்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணுவே? மாடியைக் கீழ இறக்குவியா?" நீலவ்வா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரெண்டு தடவை இறங்கி ஏறினா பாதி நாள் போயிடும்க்கா. அப்புறம் யார் வெட்டுறது?"

வெட்டுவதற்குக் கஸ்தூரி வேறொருத்தியை எடுத்தாள். நல்ல கால்கள் உள்ளவள். சீருடைகள் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தன.

உடம்பு தேறி நீலவ்வா தன் வண்டியில் வந்தபோது கஸ்தூரி கீழே ஓடி வந்தாள். நீலவ்வா கீழேயே உட்கார்ந்து வெட்ட, படிக்கட்டுக்கு அடியில் ஒரு பாய் விரிக்க ஈரண்ணாவிடம் இடம் கேட்டிருந்தாள், கிடைக்கவில்லை. அதை நீலவ்வாவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"புதுசா ஒருத்தி வந்திருக்காளாமே," என்றாள் நீலவ்வா. "சுத்தமா வெட்டுறாளா?"

கஸ்தூரி தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று ஷோரூம் திறப்பு. வாசலெல்லாம் சாமந்தி. ஷோரூமுக்காகத் தரையை உயர்த்தி, புது வண்டிகள் ஏறி இறங்க வாகாக, தெருவிலிருந்து கண்ணாடிக் கதவு வரை வழவழவென்று சாய்தளம் போட்டிருந்தார்கள். குங்குமம் வைத்த ஸ்கூட்டர் ஒன்றை அலுங்காமல் அதன்மேல் தள்ளிக்கொண்டு வந்த ஆள், "கொஞ்சம் ஒதுங்கும்மா," என்றான்.

நீலவ்வா வண்டியைப் பின்னால் உருட்டி வழிவிட்டாள்.