கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து

மில்லர்புரத்தில் அம்புரோஸ் அண்ணாச்சியின் அச்சுக்கடைப் பின்பக்கம், ஏஞ்சலின் அந்த இரண்டு கறுப்பு டி-சர்ட்டுகளையும் ஒன்பதாவது முறையாகத் துவைத்துப் பிழிந்தாள். சாதாரணப் பிழிதல் இல்லை. துணிக்கே கோபம் வரும்படி முறுக்கினாள். பிறகு உதறி, வெயிலுக்கு நேரே பிடித்து, வெள்ளை எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

இரண்டும் இரண்டு மெஷின்காரர்கள் அனுப்பிய மாதிரித் துணிகள். துறைமுகத்தில் சரக்கு கையாளும் கான்ட்ராக்டர் ஒருவர் தன் ஆட்களுக்கு அறுநூறு டி-சர்ட் கேட்டிருந்தார். நிலக்கரித் தூசி தெரியாமலிருக்கக் கறுப்புத் துணி. முதுகு முழுக்க அவர் பெயர், தூரத்திலிருந்தும் தெரியும்படி வெள்ளையில். கறுப்பில் வெள்ளை ஏற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. கையால் ஸ்கிரீனில் மை இழுத்தால் மூன்று பூச்சு வேண்டும், ஒவ்வொன்றும் காய வேண்டும். கொடுத்த இருபது நாளில் முடியாது. ஆகவே மெஷின் வாங்கியே தீரவேண்டும். எதை என்பதை ஏஞ்சலின் சொல்லட்டும் என்று அண்ணாச்சி விட்டுவிட்டார். பன்னிரண்டு வருஷம் மை இழுத்த கை அது. மெஷின் விற்க வருகிறவர்கள் அவரிடம் பேசுவார்கள். அவர் அவள் முகத்தைப் பார்ப்பார்.

"ரெண்டும் தண்ணிக்குத் தாங்குது அண்ணாச்சி," என்றாள். "இது துணியிலேயே நேரா அடிக்குத மெஷின். தொட்டா துணி மாதிரியே இருக்கு. ஆனா அந்த வெள்ளை மை அடியில படியும். தினம் கலக்கணும். ரெண்டு நாள் சும்மா கெடந்தா அடைச்சிரும்."

"மத்தது?"

"பிலிம்ல அடிச்சு, பசைப்பொடி தூவி, சூடு வச்சு ஒட்டுதது. வேகம். எழுத்தும் பளிச்சுனு இருக்கு. ஆனா இன்னும் உடுத்திப் பாக்கலையே."

"யாரு உடுத்திப் பாக்கது?"

"எங்க வீட்டுக்காரரு அந்தக் கூட்டத்துலதான இருக்காரு."

அவள் கணவன் மனுவேலுக்கு அந்தக் கான்ட்ராக்டரிடம்தான் வேலை. கப்பலில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவான். நேராக அடித்த டி-சர்ட்டை ஒரு நாள் போட்டுப் போனான். குறை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பிலிம் ஒட்டியதைப் போட்டுப் போனவன், வந்ததும் கழற்றி எறிந்தான்.

"முதுகுல ரப்பர் ஷீட்டைக் கட்டுன மாதிரி இருக்குளா. வேர்வை வெளிய போவ வழியில்ல. வெந்துபோச்சு."

நேராக அடிக்கும் மெஷினைத்தான் வாங்க வேண்டும் என்று ஏஞ்சலின் அடித்துச் சொன்னாள். அண்ணாச்சி நாட்களை எண்ணிப் பார்த்தார். அதில் ஒவ்வொரு துணிக்கும் முதலில் மை பிடிக்க மருந்து தெளித்துக் காயவைக்க வேண்டும், தேதி தாண்டிவிடும். "இந்த ஆர்டர் போச்சுன்னா மெஷினே நமக்கு வேண்டாம்ளா," என்றார். அதுவும் நியாயம்தான். பிலிம் மெஷின் வந்து இறங்கியது.

அத்தோடு விட்டுவிடுகிறவளா அவள்? கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுத்துகளுக்குள் குண்டூசி அளவு துளைகளை நெருக்கமாகப் போட்டாள். முதல் தடவை வெள்ளை சாம்பலாகத் தெரிந்தது. இரண்டாவது, துவைத்ததும் கிழிந்தது. மூன்றாவதைச் சொல்லாமல் விடலாம். நான்காவது தடவை, பத்தடி தள்ளி நின்றால் எழுத்து முழு வெள்ளை. கிட்டே வந்தால் சல்லடை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்த மனுவேல், "காத்து போவுதுளா," என்றான். எந்த மெஷின்காரனும் சொல்லித்தராத வித்தை அது. அண்ணாச்சி கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த டி-சர்ட்டை விரித்துக் காட்டினார்.

கான்ட்ராக்டரின் மேனேஜர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, பூச்சி அரிச்ச மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு?"

"காத்து போகத்தான் சார். இல்லைன்னா போடுதவங்க முதுகு வெந்துரும்."

"துறைமுகக் கேமராவுல முதலாளி பேரு பளிச்சுனு தெரியணும். முழுசா அடிச்சுத் தாங்க. போடப் போடப் பழகிரும்."

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்து, ஆர்டர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஏஞ்சலின் துளை போட்ட டி-சர்ட்டை மடித்து ஓரமாக வைத்தாள். ஆனாலும் மெஷினில் நின்றபோது அவளுக்கு மோசமாக அடிக்கத் தெரியவில்லை. தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே அறுநூறையும் முடித்தாள். ஒன்றில்கூட எழுத்தின் ஓரம் தூக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம், வேலை விட்டு வந்த மனுவேல் அந்த டி-சர்ட்டை உரித்துப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தான். வேர்க்குருப் பவுடர் டப்பாவோடு அருகில் உட்கார்ந்த ஏஞ்சலின் டப்பாவைத் திறக்காமல் பார்த்தாள். அவன் கறுத்த முதுகில் வேர்க்குரு செக்கச்செவேலென்று கிளம்பியிருந்தது, வரிசையாக, ஓரங்கள் நேராக. கான்ட்ராக்டரின் பெயர். அவள் இடைவெளி அளந்து வைத்த அதே எழுத்துகள், ஒன்றுகூடக் கலையவில்லை.

"என்னளா, போடு. எரியுது," என்றான் மனுவேல்.

வெள்ளைப் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, முதல் எழுத்திலிருந்து தடவத் தொடங்கினாள்.