கிழிக்க முடியாத அட்டை

அவள் கணவன் புத்தகத்தைக் கிழித்துத்தான் படிப்பான். லிஃப்ட் மெக்கானிக். உதிரிபாகம் வந்து சேரும்வரை எந்த மாடிப்படியிலாவது உட்கார்ந்து கிடக்க வேண்டிய பிழைப்பு. அதனால் புத்தகத்தை முதுகோடு பிளந்து, அன்றைய பங்கை மட்டும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போவான். வீட்டு அலமாரியில் முழுசாக இருந்தவை கெட்டி அட்டைப் புத்தகங்கள்தான். அவற்றை அவன் தொட்டதே இல்லை.

அவளுடைய முதல் நாவல் அச்சுக்குப் போக இருந்தது. கைப்பிரதியைக் கொடுத்தபோது, "புத்தகமா வரட்டும், படிக்கிறேன்" என்றுவிட்டான். அவன் என்ன சொல்வான் என்று தெரியாமல் அவளுக்குத் தலை வெடித்தது.

பதிப்பாளர் அம்மாள் இரண்டு மாதிரிகளைக் கொடுத்தனுப்பினார். உள்ளே வெற்றுத்தாள். ஒன்று கெட்டி அட்டை, மற்றது சாதா. எது வேண்டும் என்று அவளே சொல்ல வேண்டும். அவளுக்குக் கெட்டி அட்டைமேல்தான் கண். அதை யாராலும் பிய்க்க முடியாது.

சாயங்காலம் அவன் கைகழுவித் துடைத்துவிட்டு வாங்கினான். கெட்டி அட்டையைத் திறந்து மூடினான். முகமெல்லாம் பல்.

"இதுதான். கதவு மாதிரி மூடுது பாரு."

"படிப்பீங்களா?"

"படிக்காம? இதையெல்லாம் லீவு போட்டு, குளிச்சிட்டு உட்கார்ந்து படிக்கணும்."

"லீவு போட்டிருக்கீங்களா எப்பவாவது?"

"நம்ம கல்யாணத்துக்கு."

"கல்யாணம் ஞாயித்துக்கிழமை."

"அப்ப அதுக்கும் போடலையா?" என்று யோசித்தான்.

மாதிரியை அலமாரியின் மேல்தட்டில் நிறுத்தி, தள்ளி நின்று பார்த்தான். பூட்டிச் சாவியை எடுத்துவைக்காத குறை.

சாதா அட்டையை நீட்டினாள். அவன் கட்டைவிரல் தானாக முதுகை அழுத்திப் பார்த்தது. சட்டென்று கையை எடுத்தான்.

"உன் புத்தகத்தைப் போய்க் கிழிப்பேனா?"

"கிழிக்காம எதையாவது படிச்சிருக்கீங்களா?"

அவன் போய் மேல்தட்டு மாதிரியை நேராக்கி வைத்தான்.

மறுநாள் பதிப்பாளருக்குப் போன் செய்தாள். "சாதா அட்டையே போடுங்கம்மா."

"கெட்டிக்குத்தானே ஆசைப்பட்டீங்க? வீட்ல பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருச்சு. அதான் வேணாம்."

புத்தகம் வந்தது. அவன் அதை முழுசாகவே பையில் வைத்துக்கொண்டு போனான். அழுக்காகிவிடும் என்று பிரிக்காமலே கொண்டுவந்தான். மறுநாள் காலை அவளே முதல் அத்தியாயங்களைப் பிளந்தாள். பசை விட்ட சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். துண்டை அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

மதியம் போன் வந்தது. படிக்கட்டில் அவன் குரல் எதிரொலித்தது.

"ஏம்மா, உன் கதையில வர்ற அந்த மாமனார் பிழைப்பாரா, மாட்டாரா?"

"வேலை முடிஞ்சுதா?"

"லிஃப்ட் எப்பவோ ரெடி. மேல கத்திட்டுத்தான் இருக்காங்க. நீ சொல்லு, நான் போய் ஓட்டிவிடறேன்."

அவள் சொல்லவில்லை.