மாமனார் பெயர் வைத்த பல்லி

ஒப்தூலியா பர்ராசா ஐந்து வருஷம் உப்புப் பள்ளத்தாக்கின் வெயிலில் காய்ந்து, இருநூற்றுப் பன்னிரண்டு சாட்டைவால் பல்லிகளைப் பிடித்தவள். வடக்கு மெக்சிகோவில் அவற்றை வீகோ என்பார்கள். நூல்சுருக்கு கட்டிய குச்சியோடு முள்புதரடியில் மணிக்கணக்கில் மண்டிபோட்டால்தான் ஒன்று சிக்கும். உயிரோடு வைத்துக்கொண்ட சிலது போக, மற்றதையெல்லாம் அறுத்துப் பார்த்தாள். அத்தனையும் பெண். மிச்சத்தை, தான் வேலை பார்த்த உள்ளூர் அருங்காட்சியகக் கொல்லையில் தகரத் தொட்டியில் வளர்த்தும் பார்த்தாள். துணையே இல்லாமல் முட்டையிட்டு மூன்று தலைமுறை பொரித்தன, எல்லாம் பெண் குஞ்சு. புது இனம்தான், சந்தேகமில்லை. முறைப்படி பெயர் வைப்பதுதான் பாக்கி.

அதை எழுதித் தலைநகருக்கு அனுப்பியது அவள் செய்த தப்பு. அங்கிருந்து பல்லி நிபுணர் டாக்டர் உரியார்தே வந்து இறங்கினார்.

"ஆம்பளையே இல்லாம ஒரு இனமா? ஆம்பளை வேகமா ஓடும், சென்யோரா. உங்களால பிடிக்க முடியல, அவ்வளவுதான்."

"அஞ்சு வருஷத்துல ஒண்ணுகூடவா சிக்காது, டாக்டர்?"

"கோழி பிடிக்கற வேலையா இது?" என்றார். அவருடைய டிரைவருக்கு அதில் ஒரே சிரிப்பு.

ஒரு வாரம் அலைந்தார். கடைசி நாள், பள்ளத்தாக்குக்கு வெளியே நெடுஞ்சாலைப் பாலத்தடியில் ஓர் ஆண் கிடைத்தது. ஒப்தூலியா அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்மது இல்ல, டாக்டர். நம்மதுக்கு முதுகுல ஆறு கோடு. இதுக்கு ஏழு. ரோட்டோரமெல்லாம் ஓடுமே, அந்தப் பழைய இனம்."

"சேவலுக்குக் கொண்டை பெருசு. அதுக்காக அது கோழி இல்லையா?"

அவர் திரும்பிப் போன எட்டாம் மாதம் அவருடைய கட்டுரை அச்சில் வந்தது. புது இனத்துக்கு, முன்னாள் மந்திரியான தன் மாமனார் பெயரை வைத்திருந்தார் டாக்டர். இனத்தின் மாதிரி உடல், பாலத்தடியில் கிடைத்த அந்த ஆண். கடைசி வரியில், 'பல்லி ஜாடி கழுவித் தந்த உள்ளூர்ப் பெண்மணிக்கு நன்றி'. ஒப்தூலியா கட்டுரையை மேஜைமேல் வீசினாள். வீசாமல் பின்னே?

"விடு ஒபி, மந்திரி வீட்டு மாப்பிள்ளை. மலையோட மோதலாமா?" என்றாள் அருங்காட்சியக ஜாடிகளுக்குச் சீட்டு எழுதும் சாயோ.

"ஆம்பளை வாடையே படாத பல்லிக்கு ஆம்பளை பேரா? அதுவும் கால்ல மண்ணு படாத ஆம்பளை!"

கோபத்தோடு கட்டுரையை மறுபடி படித்தவளின் விரல் படத்தில் நின்றது. ஏழு கோடு, டாக்டரே எண்ணி அச்சடித்தது.

விதிப்படி, புது இனத்துக்குப் பெயர் வைக்கிறவர் ஓர் உடலைத் தேர்ந்து சிவப்புச் சீட்டு கட்டவேண்டும். பெயர் அந்த ஒற்றை உடலோடுதான் போகும். கூட ஜாடிகளில் இருக்கும் இருநூறு உடலும் அதை மாற்றாது. ஆண் இல்லாவிட்டால் மானம் போய்விடும் என்று, கையில் கிடைத்த ஒரே ஆணுக்குச் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டார் மனுஷர். அந்த ரோட்டோரப் பல்லிக்கோ எண்பது வருஷத்துக்கு முன்பே பெயர் வைத்தாயிற்று. முந்திய பெயர்தான் செல்லும். மந்திரி பெயர் செல்லாக்காசு. பள்ளத்தாக்குப் பல்லி இன்னும் பெயரில்லாமல்தான் இருந்தது.

அவள் இதையெல்லாம் கட்டுரையாக எழுதுவது தெரிந்து டாக்டர் தொலைபேசியில் வந்தார். குரலில் தேன் ஒழுகியது.

"இதை நிறுத்திடுங்க, சென்யோரா. அடுத்த இனத்துக்கு உங்க பேரையே வச்சிடறேன்."

"எனக்கு எங்க அப்பா அம்மா பேரு வச்சாச்சு, டாக்டர்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

முட்டை சுமந்த ஒரு பெண் பல்லியை எடுத்து, அதன் காலில் சிவப்புச் சீட்டைத் தானே கட்டினாள். பள்ளத்தாக்கின் பெயரையே இனத்துக்கு வைத்தாள். கட்டுரையில் பெண் பல்லியின் நீளம், செதில், கோடு எல்லாம் இரண்டு பக்கம் வந்தன. அடுத்து, வழக்கப்படி 'ஆண்' என்ற தலைப்பு.

"இதுக்குக் கீழ என்ன அடிக்கட்டும்?" என்றாள் தட்டச்சில் உட்கார்ந்திருந்த சாயோ.

"தேவைப்படவில்லைன்னு அடி."